பிடித்துத் தைத்த நீலச் சட்டை

எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன கொதிக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் போனதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, என் சமையலறை ஜன்னல் அமைந்த இடம் அப்படி. எதிரே தையல்காரரின் கடை. கடைக்குப் பின்னால் அவர்கள் வீடு. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு திரைச்சீலைதான், அதுவும் பாதி நாள் ஒதுங்கியே கிடக்கும்.

தையல்காரரின் மனைவிக்குத் தபால் நிலையத்தில் வேலை. உறையை மேசையில் வைத்து அவள் முத்திரை குத்தினால் வரிசையில் கடைசியில் நிற்பவருக்கும் தூக்கிவாரிப் போடும். அதனால் தெருவே அவளை முத்திரையம்மா என்றுதான் கூப்பிடும். அவளுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தபோது தெரு இரண்டு நாள் வாயடைத்துப் போயிருந்தது. மூன்றாம் நாள் வாய் திறந்தது, பிறகு மூடவேயில்லை.

இனிப்பைத் தொட்டால் நோய் வளரும் என்றார் மருந்துக்கடைக்காரரின் மாமியார். பால் ஆகாது என்றார் சலவைக்கடைக்காரர். யார் சொன்னது என்று கேட்டால், துணி போட வந்தவர் சொன்னாராம். முட்டையும் மீனும் வயிற்றில் போய் அழுகும் என்று மாடி வீட்டு ஓட்டுநர் கண்டுபிடித்திருந்தார். நான் மட்டும் சும்மா இருப்பேனா. தொட்டியில் கோதுமைப் புல் வளர்த்து, அரைத்து, வடிகட்டி, தினமும் ஒரு தம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்கும் சாக்கில் அந்த வீட்டுக்குள் நாலு எட்டு வைக்கலாம் என்பது வேறு விஷயம்.

இவற்றையெல்லாம் ஒன்று விடாமல் பொறுக்கிச் சட்டமாக்கியவள் நாத்தனார், தையல்காரரின் அக்கா. ஒரு பெட்டியோடு வந்து இறங்கிய அன்றே சமையலறை அவள் வசமாயிற்று. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் சாப்பிடக் கூடாதவற்றை எழுதி ஒரு தாள் ஒட்டினாள். இடம் போதாமல் கீழே இன்னொரு தாள். சாப்பிடக் கூடியவற்றுக்குக் கடையில் அளவு குறிக்கும் துண்டுச் சீட்டே போதுமானதாக இருந்தது: பச்சைக் காய்கறி, சாறு, வேகவைத்த பூசணி.

"நான் என்ன முயலா அண்ணி?" என்றாள் முத்திரையம்மா.

"எந்த முயலாவது ஆஸ்பத்திரியில ஊசி போட்டுக்கிட்டுப் படுத்திருக்கா?" என்றாள் நாத்தனார்.

முத்திரையம்மா பூசணித் தட்டை இழுத்துக்கொண்டாள். நான் புல் சாற்றுத் தம்ளரை நீட்டினேன்.

மருந்து ஏற்றிய வாரத்தில் அவளுக்கு வாயெல்லாம் துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போல இருக்குமாம். அடுப்பு வாசனை வந்தாலே குமட்டும். பூசணியை இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். ஆனாலும் அரைநாள் வேலைக்குப் போவதை மட்டும் விடவில்லை. காலையில் நீலச் சீருடைச் சட்டையில் விறைப்பாகக் கிளம்புவாள். "பார்த்தீங்களா, ஆள் அப்படியே இருக்கா. எல்லாம் சாறோட மகிமை" என்பாள் நாத்தனார். நானும் ஆமாம் போட்டேன். என் புல்லுக்கும் அதில் பங்கு உண்டல்லவா.

சனிக்கிழமை மத்தியானங்களில், கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து, தையல்காரர் ஒரு நீலச் சட்டையை வைத்து ஏதோ தைத்துக்கொண்டிருப்பதை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். பொத்தான் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். ஒரு விஷயத்தை நான் துருவாமல் விட்டது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

எட்டு முறை ஏற்ற வேண்டிய மருந்தில் நான்கு முடிந்திருந்தது. ஐந்தாவதற்குக் கிளம்பிய திங்கட்கிழமை துணைக்கு நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை; காரில் இடம் இருந்தது.

நர்ஸ் எடை பார்த்தாள். குறிப்பைத் திருப்பினாள். மறுபடி பார்த்தாள்.

"ஐம்பத்து நாலு. ஆரம்பத்துல அறுபத்தொண்ணு இருந்தீங்க."

"மிஷின் தப்பு" என்றாள் நாத்தனார். நிரூபிக்கத் தானே ஏறி நின்றாள். தன் எடையைப் பார்த்ததும் மிஷின் தப்பு என்பதில் அவளுக்கு இன்னும் உறுதி ஏற்பட்டது.

"போன தடவையே குறைஞ்சிருந்தது. உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி அனுப்பினேனே" என்றாள் நர்ஸ்.

எல்லாரும் தையல்காரரைப் பார்த்தோம். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இன்னிக்கு மருந்து வேண்டாம். ரத்தத்துல வெள்ளை அணுவும் குறைவா இருக்கு. ரெண்டு வாரம் தள்ளி வைக்கிறேன். அதுக்குள்ள எடை இன்னும் இறங்கினா மருந்தோட அளவைக் குறைக்க வேண்டி வரும். இவ்வளவு நல்லா வேலை செய்யிற மருந்தைக் குறைக்க எனக்கு மனசில்லை. சாப்பிட்டு வாங்க."

முத்திரையம்மாவின் முகத்தில் அப்போதுதான் பயத்தைப் பார்த்தேன். நோய் என்று சொன்ன நாளில்கூட அவள் அப்படி இல்லை.

அடுத்த அறையில் உணவு ஆலோசகர். சின்னப் பெண், கண்ணாடி போட்டவள், குரலில் அவசரமே இல்லை.

"உடுப்பெல்லாம் லூசாகலையா? வீட்டுல முதல்ல அதைத்தான் கவனிப்பாங்க."

"இல்லையே, கச்சிதமா இருக்கு" என்று முத்திரையம்மா சட்டையை இழுத்துக் காட்டினாள். காட்டும்போதே அவள் விரல் பக்கத் தையலில் நின்றது. மடித்துப் பார்த்தாள். உள்ளே பழைய தையலின் தடம், அதற்கு உள்ளே இன்னொன்று, அதற்கும் உள்ளே புதுசு.

"பொத்தான்னு நினைச்சேன்" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "சனிக்கிழமை சனிக்கிழமை தைச்சாரே."

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "சட்டை தொளதொளன்னு தொங்கினா நீ கண்ணாடியில பார்த்து மனசு உடைஞ்சிடுவேன்னு வாராவாரம் கொஞ்சம் உள்ளே பிடிச்சுத் தைச்சேன். அக்காவும் பாவம், ராத்திரி பகல் பார்க்காம சாறு பிழியுது. என்னன்னு சொல்ல?"

"இருபத்திரண்டு வருஷத்துல எனக்குச் சொன்ன தேதிக்கு ஒரு சட்டை தைச்சுக் குடுத்ததில்லை" என்றாள் முத்திரையம்மா. "இதுக்கு மட்டும் எங்கிருந்து இவ்வளவு சுறுசுறுப்பு வந்துச்சு?" சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அவர் கைக்குட்டையை நீட்டினார். அதன் ஓரத்துக்கும் பிசிறில்லாமல் தையல் போட்டிருந்தது.

ஆலோசகப் பெண் பட்டியல், பூசணி, புல் சாறு என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "சர்க்கரை சாப்பிட்டா நோய் வளர்ந்துடும்னு பயப்பட வேண்டாம். பட்டினி கிடந்தா உடம்புதான் தேயும், நோய் தேயாது. முட்டை, மீன், பருப்பு, தயிர், வேர்க்கடலை, எது இறங்குதோ அது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கொஞ்சமா. வாசனை ஆகலைன்னா ஆறவெச்சுச் சாப்பிடுங்க. வாயில இரும்பு ருசி வந்தா மரக்கரண்டி வெச்சுக்குங்க. எல்லாம் நல்லா வெந்திருக்கணும். வெள்ளை அணு குறைஞ்சிருக்கிறப்போ பச்சையா அரைச்ச சாறு மட்டும் கூடவே கூடாது. அந்தப் புல் சாறு யாரு குடுத்தது?"

நான் ஜன்னல் வழியாக வண்டி நிறுத்துமிடத்தைக் கவனமாகப் பார்த்தேன். அன்றைய புட்டி என் பையில்தான் இருந்தது.

"ஐஸ்கிரீம்?" என்று மெதுவாகக் கேட்டாள் முத்திரையம்மா.

"தாராளமா. பாக்கெட்ல வர்றதா வாங்குங்க."

வீடு திரும்பியதும் நாத்தனார் நேராகச் சமையலறைக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்த தாள்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எங்கம்மாவுக்கும் இதே நோய்தான்" என்றாள். "அப்ப நான் கல்யாணமாகி எங்கேயோ இருந்தேன். ஒரு வாய் தண்ணி ஊத்தக்கூட வரலை. உனக்காவது எதையாவது ஒழுங்காச் செய்யணும்னு நினைச்சேன். உன்னையே பாதியாக்கிட்டேன்."

முத்திரையம்மா தாள்களைத் தானே கிழித்து எடுத்தாள். "பாதியெல்லாம் இல்ல அண்ணி, ஏழு கிலோதான். இப்ப செய்ங்க. ஒரு முட்டையை வேகவெச்சு ஆறவைங்க. அடுப்பைப் பத்த வைக்கிறப்ப மட்டும் நான் கடையில இருக்கேன்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்தது என்னைப் போன்றவளுக்குத் திருவிழாதான். நாத்தனார் கைபேசியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மணி அடிக்க வைத்தாள். மணி அடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். தபால் நிலையத்துக்கும் சின்ன டப்பாக்களோடு போய்விடுவாள். முத்திரையம்மா முட்டையை மென்று முடிக்கும் வரை பதிவுத் தபாலோடு நிற்பவர்கள் காத்திருக்க வேண்டும். முணுமுணுத்த ஒருவரிடம், "உங்க கடிதாசி ஒரு நிமிஷம் லேட்டாப் போனா யாரும் இளைச்சுட மாட்டாங்க" என்றாளாம் நாத்தனார்.

எல்லா நாளும் இப்படிக் கலகலப்பாக இல்லை. இரண்டு நாள் எதுவும் நிற்கவில்லை. தின்றது அத்தனையும் வெளியே வந்தது. மூன்றாம் நாள் மாலை கடையில் தையல் மிஷின் ஓசையே கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். மூன்று பேரும் வெட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் மரக்கரண்டியால் ஐஸ்கிரீமை எடுத்து நீட்டினாள். இத்தனை நாள் அவளே விஷம் என்று சொன்னது அது. ஒன்று, இரண்டு, ஐந்து கரண்டி. முத்திரையம்மா கண்ணை மூடிக் காத்திருந்தாள். வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

"இன்னும் இருக்கா?" என்றாள்.

தெருவின் வாயை மூடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இனிமேல் யாராவது அறிவுரையோடு வந்தால் முதலில் என்னிடம் சொல்ல வேண்டும் என்றேன். நானே கேட்டுக்கொண்டு நானே வைத்துக்கொள்வேன். அதில் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

இரண்டு வாரம் கழித்துத் திங்கட்கிழமை. முத்திரையம்மா எடை மிஷினில் செருப்போடு ஏறப் பார்த்தாள், நர்ஸ் விடவில்லை. தையல்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். நாத்தனார் என் கையைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு விரல் மரத்துவிட்டது. மிஷினில் எண்கள் ஓடின, தயங்கின, நின்றன.

"ஐம்பத்தஞ்சுக்கு இருநூறு கிராம் கம்மி" என்றாள் நர்ஸ். "ஏறியிருக்கு. ரத்த ரிசல்ட்டும் வந்துடுச்சு, நல்லா இருக்கு. போய்ப் படுங்கம்மா, முழு மருந்தும் இன்னிக்கே ஏத்திடலாம்."

நாத்தனார் நர்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். தையல்காரர் யாருக்கு என்றில்லாமல் கும்பிட்டார்.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருக்கும். முத்திரையம்மா படுத்தபடியே கையை நீட்டி, "அண்ணி, அந்த டப்பாவை எடுங்க, பசிக்குது" என்றாள். நாத்தனார் மூடியைத் திறந்தாள். உள்ளே உப்பும் மிளகும் மட்டும் இருந்தன.

"ரெண்டு முட்டை வெச்சேனே."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். எடை பார்க்கக் காத்திருந்தபோது எனக்கு இருந்த படபடப்பை இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது.

"படபடப்புல என்ன சாப்பிடறோம்னே தெரியலை" என்றேன்.

"கேன்டீன் கீழ் மாடியில" என்றாள் முத்திரையம்மா. "முட்டை இல்லைன்னா தயிர். நின்னு கதை பேசாம வாங்க அக்கா."

படியில் இறங்கும்போது ஆலோசகப் பெண் எதிரே வந்தாள். அவளிடம் ஐம்பத்து நாலே முக்காலைச் சொல்லாமல் எப்படிப் போவது. ஒரு நிமிஷம்தான் நின்றேன்.