என் புருஷன் என்னை ஆன்டி என்றார்

ஒரு தடவை பட்ட பிறகாவது மனிதனுக்குப் புத்தி வர வேண்டாமா? போன தீபாவளிக்கு என் வீட்டுக்காரர் விஜயன், கனமான சாமான்களை லேசாக்குகிறேன் என்று ஓர் இயந்திரம் செய்தார். என் நாத்தனார் வீரம்மா கூரையில் போய் ஒட்டிக்கொண்டார். தீயணைப்பு போம்பா வண்டி வந்து, ஏணி போட்டு இறக்கினார்கள். கிள்ளான் ஊரே சிரித்தது. இனிமேல் எதையும் கண்டுபிடிக்க மாட்டேன் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார்.

ஆறே மாதத்தில் ஒரு பழைய ஐஸ்பெட்டியோடு வந்து நின்றார். ஏர்கோன் பழுது பார்க்கிற வேலையோடு நிறுத்திக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

"குமிழை இடப்பக்கம் திருப்பினா பழசு புதுசாயிடும், தாமரை. முந்தாநாள் குழம்பு இப்ப வச்ச மாதிரி ஆயிடும்."

"வலப்பக்கம்?"

"புதுசு பழசாகும். ஊறுகாய்க்கு வேணும் லா."

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு எங்கள் மகள் மாதவியைப் பெண் பார்க்கச் சுங்கை பூலோவிலிருந்து வருவதாக இருந்தார்கள். மாதவி தலை அலங்காரத்துக்குப் பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தாள். ஐஸ்பெட்டிக்குள் விளக்கு மாட்ட அவருக்கு அந்த நாள்தானா கிடைத்தது? தலையை விட்டார், உடம்பை விட்டார், கதவு சாத்திக்கொண்டது. குமிழோ இடப்பக்கம் திரும்பியிருந்தது. நான் ஓடிப்போய்த் திறந்தேன்.

வெளியே வந்தவனுக்கு இருபத்து நான்கு வயது. தலை நிறைய முடி. தொப்பை போன இடம் தெரியவில்லை. ஐம்பத்திரண்டு வயதுக்காரரின் சட்டை அவன்மேல் தொளதொளவென்று தொங்கியது.

"சாரி ஆன்டி, இது யார் வீடு?" என்றான்.

ஆன்டியாம்! கட்டின புருஷன் வாயால் இதைக் கேட்க நான் என்ன பாவம் செய்தேன்?

"அக்கான்னாவது சொல்லுடா!" என்று கத்தினேன்.

அவனுக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. தெரியும்படி அந்த வயதில் நாங்கள் சந்தித்திருக்கவில்லை. பசிக்கிறது என்றான். சோறு போட்டேன். "ரசம் ரொம்ப நல்லா இருக்குக்கா" என்றான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தான். இந்த ஆளை எங்கே தொலைத்தேன் நான்?

கல்யாணப் படத்தையும், போன மாதம் எடுத்த படத்தையும் காட்டி விஷயத்தைச் சொன்னேன். வழுக்கையைப் பார்த்ததும் பின்வாங்கினான்.

"இது நானா? நான் உள்ள போகமாட்டேன்."

"நாலு மணிக்கு ஆளுங்க வராங்க. அப்பா எங்கேன்னு கேட்டா உன்னையா காட்டுவேன்? எம்பொண்ணு வாழ்க்கைடா!"

மாதவியின் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தான். பிறகு தலை நிமிராமல் கேட்டான்.

"இவரு உங்கள நல்லா வச்சிருக்காராக்கா?"

கல்யாணமான இந்த இருபத்தாறு வருடத்தில் என் அண்ணன் கேட்டதில்லை, அம்மா கேட்டதில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

"அதக் கேக்க நீ யாரு?"

"நான் கேக்காம வேற யாரு கேப்பா?" என்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்காகப் போறேன்" என்று குனிந்து உள்ளே நுழைந்தான்.

கதவைச் சாத்திக் குமிழை வலப்பக்கம் திருப்பினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், திருப்ப மனமே இல்லை.

கதவு திறந்தது. வழுக்கையும் தொப்பையுமாக இறங்கினார். எதுவும் நினைவில்லை.

"மணி என்ன? டீ போட்டியா?"

"நான் நல்லா இருக்கேனான்னு கேளுங்க" என்றேன்.

"ஏன், காய்ச்சலா?"

"கேளுங்க!"

வாசலில் கார் வந்து நின்றது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நல்லா இருக்கியா, தாமரை?"

"இல்ல."

கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. அவர் வாசலுக்குப் போகவில்லை.

"நீ உக்காரு. டீ நான் போடறேன்" என்று அடுப்படிக்குள் போனார். உடனே சீனி எங்கே என்று அங்கிருந்து குரல் கொடுத்தார். இருபத்தாறு வருடமாக அது ஒரே இடத்தில்தான் இருக்கிறது. தேடட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.