கறுப்புப் பட்டைக்குத் தப்பிய மரியாதை

தீ விபத்து விசாரணைக் கோப்பைக் காலை பதினோரு மணிக்கு வெளியிடுவதாக அரசாங்கம் அறிவித்திருந்தது. பத்தரைக்கே அச்சகத்துக் கம்ப்யூட்டரை யாருக்கும் விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், அங்கே பிழை திருத்துகிறவள். பக்கத்து ஸ்டூலில் அவள் அப்பா. ஏழு வருஷத்துக்கு முன்னால் துணிக் கிடங்கு தீப்பிடித்தபோது அங்கே காவலுக்கு இருந்தவர். பின்கதவு பூட்டிக் கிடந்ததால் நாலு பேர் தீக்காயத்தோடு மயிரிழையில் தப்பினார்கள். பூட்டினது காவல்காரன்தான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. இல்லை என்று அவர் தொண்டை வறளச் சொல்லியும் ஒருத்தர் காது கொடுக்கவில்லை. பேசுகிற நாக்குக்கு நரம்பா இருக்கு!

கோப்பு வந்தது. அடக் கொடுமையே! முந்நூறு பக்கம். பெயர் இருந்த இடமெல்லாம் கறுப்புப் பட்டை.

"தார் ரோடு போட்ட மாதிரி இருக்கேம்மா. வா, வீட்டுக்குப் போலாம்," என்றார் அப்பா.

"சும்மா இருங்கப்பா!"

இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தில் அவள் கண் குத்திட்டு நின்றது.

'சாவியைத் தர ■■■■ மறுத்தான். ■■■■ அதைப் பிடுங்கிப் பின்கதவைப் பூட்டினார்.'

பதினைந்து வருஷமாக அடுத்தவர் எழுத்தில் 'ன்'னையும் 'ர்'ரையும் திருத்திச் சோறு தின்கிறவள் ஆயிற்றே! விழுந்தடித்து முதல் பக்கத்துக்கு ஓடினாள். 'கிடங்கின் காவலாளி ■■■■ வந்தான், நின்றான், விழித்தான்.' 'கிடங்கின் மேலாளர் ■■■■ வந்தார், அமர்ந்தார், விளக்கினார்.' ஒரு பக்கம் விடாமல் புரட்டினாள். காவலாளி எங்கேயும் 'ன்', மேலாளர் எங்கேயும் 'ர்'. எழுதின புண்ணியவான் ஒரு இடத்தில்கூடத் தடம் மாறவில்லை.

"அப்பா! பேரை மறைச்சவங்க மரியாதையை மறைக்க மறந்துட்டாங்கப்பா! மறுத்தான்னா நீங்க. பூட்டினார்னா மேனேஜர்!"

அவள் போட்ட கூச்சலில் மெஷின்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்கள். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஆமாம்மா, மறுத்தேன். என் கையை முறுக்கித்தான் பிடுங்கினாரு."

அவள் சிரிப்பும் அழுகையுமாக அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பாருங்க, இப்பவும் உங்க வாயில 'னாரு'தான் வருது!"

அப்பா ஸ்டூலை விட்டு எழுந்தார். பிறகு எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னார்.

"பிடுங்கினான்."