ஏழு வீட்டுப் பெண்

எங்கள் ஊர்க் கரையம்மாவுக்குப் பெயர் கிடையாது. வெள்ளம் வந்த வருடம் ஆற்றுக்கரை உடைந்தபோது, எங்கிருந்தோ மிதந்து வந்த ஒரு பெண்ணின் உடல் அந்த உடைப்பில் சிக்கிக்கொண்டது. அதன்மேல் வைக்கோலும் மரமும் வந்து அடைய, ஊருக்குள் பாய்ந்த தண்ணீர் நின்றது. அப்போது நான் கைக்குழந்தையோடு கூரைமேல் உட்கார்ந்திருந்தேன். அந்தக் குழந்தைக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. அவளுக்குக் கோயில் கட்டாமல் வேறு யாருக்குக் கட்டுவது?

அரசாங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. பதிவேட்டில் இல்லாத சாமிகளின் கோயில்களை இடிக்கும்படி உத்தரவு வந்தது. குலமும் சந்ததியும் இல்லாமல் செத்தவள் பேய்தானாம், சாமி இல்லையாம். ஊர்த்தலைவர் நியூ, அவளைப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லி விண்ணப்பம் போட்டார். உள்ளூர் அதிகாரி சலுகை காட்டிவிடுவார் என்று, விசாரிக்கப் பக்கத்து மாவட்டத்து அதிகாரியை அனுப்புவது வழக்கம்.

வந்தவர் பெயர் ஷுவே. சிரித்தால் வரி போடுவார்களோ என்று பயப்படுகிற மாதிரி ஒரு முகம். வீடு வீடாக, தனித்தனியாக விசாரித்தார். முதலில் என் டோஃபு கடைக்கு வந்து, அவள் எந்தக் குலம் என்று கேட்டார். தெரியாது என்றால் கோயில் போச்சு. எங்கள் பியான் குலம்தான், என் சொந்த அத்தை என்று கூசாமல் சொல்லிவிட்டேன்.

நான் ஒருத்திதான் கெட்டிக்காரி என்று நினைத்தது தப்பு. சாயங்காலம் ஊரைக் கோயில் முன்னால் கூட்டி, எழுதியதை வாசித்தார். பியான் குலத்து அத்தை, நியூ குலத்து மருமகள், படகுக்காரர் காவோவின் அக்கா என்று ஏழு வீட்டுக்கு ஏழு குலம் வந்தது. யாருக்கும் தலை நிமிரவில்லை. பொய்ச்சாட்சிக்கு மூங்கில் தடியால் அடிப்பார்கள். அதுகூடப் போகட்டும், அவள் கோயிலை எங்கள் வாயாலேயே இடித்துவிட்டோமே என்று எனக்கு அழுகை வந்தது.

அவர் என்னைப் பார்த்து, "உண்மையைச் சொல்லும்மா. இவ யாரு?" என்றார்.

"தெரியாதுங்கய்யா. யாரு பெத்த பொண்ணோ. அன்னிக்கு இவ வரலைன்னா இங்க ஒருத்தரும் இல்ல. எங்கள அடிக்கணும்னா அடிங்க. இவள அநாதைன்னு மட்டும் எழுதிடாதீங்க."

அவர் கோயிலுக்குள் இருந்த அவள் சிலையைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"அநாதைப் பொணத்த எங்க வீட்டுதுன்னு யாராவது சொல்லுவாங்களா? இங்க ஏழு வீடு சொந்தம் கொண்டாடுது. நான் செத்தா எனக்கு ரெண்டு பசங்கதான்."

தூரிகையை எடுத்து, சந்ததி ஏழு குடும்பம், குலம் இந்த ஊர் என்று எழுதினார். பொய் சொன்னதற்கு வீட்டுக்கு ஒருவர் பத்து நாள் கரைக்கு மண் சுமக்க வேண்டும் என்று தண்டனையும் போட்டார். ஊரே சேர்ந்து சுமந்தோம், சந்தோஷமாக.

அரச முத்திரையோடு கோயிலுக்குப் பெயர்ப்பலகை அடுத்த வருடம் வந்தது. தினமும் முதல் துண்டு டோஃபுவை அவளுக்குப் படைக்கிறேன். இரண்டாவது துண்டு, ஷுவே ஐயா நன்றாக இருக்க வேண்டும் என்று. அவருக்கு டோஃபு பிடிக்காதாம், கடைக்கு வந்த அன்றே சொல்லிவிட்டார். அதற்கு நான் என்ன செய்ய? நன்றி சொல்ல என்னிடம் இருப்பது அதுதான்.