விட்டுப்போன ‘ஸ்’

பேருந்து நிலையத்தில் அவரை எல்லாரும் ‘மைக்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மாடியில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று அறிவிப்பது அவர் வேலை. வண்டி ரத்து என்பதைக்கூட அவர் வாயால் கேட்டால், நமக்கு ஏதோ விருது கொடுத்ததுபோல் இருக்கும். ஒரே தொல்லை, வேலை முடிந்ததும் அந்தக் குரலைக் கழற்றி அங்கேயே மாட்டிவிட்டு வர அவருக்குத் தெரியாது. வீட்டில் அவர் உப்பு கேட்டாலும், காதில் விழுந்தவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

அந்தக் குரலைத்தான் மகள் இரவல் கேட்டாள்.

வீட்டில் அவளுக்கு ‘வாலு’ என்று பெயர். பள்ளியில் கடைசி வருடம். ஸ்பானிஷ் மொழி, பண்பாடு என்று ஒரு மேல்நிலைத் தேர்வு எழுதப்போகிறாள். அதில் நல்ல மதிப்பெண் வந்தால்தான் அவள் ஆசைப்பட்ட மொழிபெயர்ப்புப் படிப்பில் இடம். படித்துக் கிழித்ததில் குறை ஒன்றுமில்லை. உரையாடல் பகுதியில்தான் உதைத்தது. காதில் மாட்டிய கருவியில், பதிவுசெய்த குரலில் ஒரு நண்பன் பேசுவான்; பீப் அடிக்கும்; உடனே பதில் சொல்ல வேண்டும். ஸ்பானிஷிலும் நம்மைப்போலவே நீ, நீங்க இரண்டும் உண்டு. நீங்க என்றால் ‘உஸ்தெத்’. நீ என்றால் ‘தூ’.

மாதிரித் தேர்வில் பீப் அடித்ததும் வாலு பதறிப்போய், நண்பனுக்கு ஆரம்பத்திலிருந்து கடைசிவரை உஸ்தெத் போட்டுத் தள்ளிவிட்டாள். ஆசிரியை தாளில் எழுதியிருந்தார்: ‘பேசுவது நண்பனிடமா, நகராட்சித் தலைவரிடமா?’

“அம்மாவை வச்சுப் பழகேன்,” என்றார் மைக்.

“அவ ஒரு வரி படிச்சா ஒன்பது தடவை சிரிக்கிறாப்பா. நீங்கதான் சிரிக்காம படிப்பீங்க.”

தன் பிழைப்பைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தையை அவர் கேட்டு வெகுநாளாகிவிட்டது. உடனே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, வாலு தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்த வரிகளை வாங்கிக்கொண்டார். சாப்பாட்டு மேஜையின் அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். தொண்டையைச் செருமினார்.

“ஓலா! கே தால்?”

ஹலோ, எப்படி இருக்கே என்று அர்த்தம். ஆனால் அவர் சொன்ன விதத்தில், ஏதோ ஒரு வண்டி தாமதமாக வரும் என்று பட்டது. வாலு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சினிமாவுக்கு வர்றியா என்று அவனைக் கேட்க வேண்டும்.

“கியேரெ வெனிர்?” என்றாள். சொன்ன வேகத்தில் தலையில் அடித்துக்கொண்டாள். “போச்சு! ‘கியேரெஸ்’னு சொல்லணும். ‘ஸ்’ விட்டா ‘வர்றீங்களா’ன்னு ஆயிடும்.”

“ஒரே ஒரு ஸ்ஸுக்கா இத்தனை அலப்பறை?”

“அந்த ஸ்லதான்பா எனக்கு சீட்டே இருக்கு!”

மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடியும் ஸ் காணோம். அந்தக் குரல் காதில் விழுந்ததுமே அவள் நாக்கு தானாகக் கைகட்டி நின்றது. பிறந்ததிலிருந்து அம்மாவுக்கு நீ, அப்பாவுக்கு நீங்க என்று ஊறிப்போன நாக்கு.

“சரி, முதல்ல அந்த வார்த்தையைத் தனியா சொல்லிப் பழகு. என் மூஞ்சியைப் பாத்து, தைரியமா.”

வாலு மூச்சை இழுத்தாள். அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“தூ!”

சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். “என்னடி பண்றே? பெத்த அப்பனைப் பாத்துத் துப்புறியா?”

“துப்பலம்மா, படிக்கிறேன்!”

“நல்ல படிப்பு. ஏங்க, நீங்களும் மூஞ்சியைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க!”

மைக் கண்ணாடியை மறுபடி துடைத்துக்கொண்டார். துடைக்க வேண்டியது ஒன்றுமில்லை என்றாலும், துடைத்தார்.

வாலு எழுந்து போனபிறகு பாடப்புத்தகத்தை இழுத்துப் புரட்டினார். உஸ்தெத் யார் யாருக்கு என்று ஆசிரியை சொல்லி அவள் ஓரத்தில் குறித்திருந்தாள்: முன்பின் தெரியாதவர், போலீஸ்காரர், வங்கி மேலாளர். அதன் கீழே அவள் தானாகச் சேர்த்திருந்தாள், அடையாளத்துக்கு: ‘அப்பா மாதிரி’.

வங்கி மேலாளருக்குப் பக்கத்தில் தன்னைப் பார்த்ததில் மனிதருக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. சைக்கிளின் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியவன், பல் விழுந்தபோது தேடிக் கொடுத்தவன், கடைசியில் முன்பின் தெரியாதவர் வரிசையிலா? யாரிடம் சொல்லி அழ? மைக்கில் சொல்லவா முடியும்?

காலையில் ஒரு யோசனையோடு வந்தார். “பரீட்சை முடியற வரைக்கும் என்னைத் தமிழ்லயும் நீன்னே பேசு. பழகிடும்.”

யோசனை அவளுக்காக என்றுதான் சொல்லிக்கொண்டார். முழுப் பொய் இல்லை, பாதிதான்.

வாலு கெட்டிக்காரி. நீயும் இல்லாமல் நீங்களும் இல்லாமல் நழுவிவிடத் தமிழில் வழியா இல்லை? “அப்பா, சாப்பிட்டாச்சா?” “குளிச்சாச்சா?” “கிளம்பியாச்சா?” என்று ஆச்சு ஆச்சு என்றே வாரத்தை ஓட்டினாள். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

தேர்வுக்கு முந்தின மாலை கடைசிப் பயிற்சி. மைக் அன்று கொஞ்சம் ஓவராகப் போய்விட்டார். அவள் வாயைத் திறக்கும் முன்பே, “ஸ், ஸ்!” என்று பாம்பு மாதிரி எடுத்துக் கொடுத்தார். பீப்பையும் தானே அடித்தார். அவள் திணறினால், “பதற்றம் வேண்டாம்,” என்று அதே அறிவிப்புக் குரலில் அறிவித்தார்.

“கியே...”

“ஸ்ஸ்!”

“ஐயோ அப்பா! நீ கொஞ்ச நேரம் சும்மா இருக்கியா!”

வாலு வாயைப் பொத்திக்கொண்டாள். மைக்கின் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவியது.

“இன்னொரு தடவை திட்டு.”

“சாரிப்பா, தெரியாம...”

“அட, திட்டும்மா! அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள சினிமாவுக்குக் கூப்பிடு!”

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. “கியேரெஸ் வெனிர்?” என்றாள். ஸ் நங்கூரம் போட்டதுபோல் வந்து உட்கார்ந்தது. அடுத்த வரியிலும் வந்தது, அதற்கடுத்ததிலும்.

“அங்க என்ன மரியாதை காத்துல பறக்குது?” என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

“பறக்கட்டும், நீ பேசாம இரு,” என்றார் மைக்.

மறுநாள் தேர்வுக்கூட வாசலில் ஒரு மரத்தடியில் நின்றார். வேலைக்கு விடுப்பு சொல்லியிருந்தார். வண்டிகள் அன்று யாரும் சொல்லாமலே வந்து போயின. வாலு எல்லாருக்கும் கடைசியாக வெளியே வந்தாள். முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

“ஸ் வந்துச்சா?”

“எல்லா இடத்துலயும் வந்துச்சுப்பா. அந்த ஆள் குரல்கூட உங்க குரல் மாதிரியே கட்டையா இருந்துச்சு. மனசுக்குள்ள ஒரு திட்டு திட்டிட்டு ஆரம்பிச்சேன்.”

“அப்புறம் என்ன, ஏன் இப்படி வர்றே?”

“கடைசில பண்பாட்டைப் பத்திப் பேசற பகுதி. குடும்பத்துல ஒருத்தரோட ஒருத்தர் எப்படிப் பழகுறாங்க, ஸ்பானிஷ் பேசறவங்க பக்கத்தையும் நம்ம பக்கத்தையும் ஒப்பிட்டுப் பேசணும். நான் உங்களைப் பத்திப் பேசிட்டேன்.”

மைக்குக்கு வங்கி மேலாளர் ஞாபகம் வந்தது. “என்னன்னு?”

“கொலம்பியால சில பக்கம், அப்பா அம்மாகிட்ட, கட்டினவங்ககிட்ட, பெத்த குழந்தைகிட்டகூட உஸ்தெத்னுதான் பேசுவாங்க. தள்ளி வைக்கிறதுக்கு இல்லப்பா, பிரியத்துலதான். எங்க அப்பாவும் எனக்கு அந்த மாதிரி உஸ்தெத்துதான்னு சொன்னேன். இன்னும் சொல்ல நிறைய இருந்துச்சு. அதுக்குள்ள நேரம் முடிஞ்சு போச்சு.”

மைக் அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். தெருமுனைவரை இருவரும் நடந்தார்கள். அங்கே ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

“கியேரெ கொமேர்?”

சாப்பிட வேண்டுமா என்பது வாலுவுக்குப் புரிந்தது. “ஐய, ஸ் விட்டுட்டீங்கப்பா. என்கிட்ட போய் ‘நீங்க’ன்னு ஆயிடுச்சு!”

“தெரிஞ்சுதான் விட்டேன்,” என்று சொல்லிவிட்டு, கடைக் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவளுக்கு வழிவிட்டார்.