எரிந்ததை நிரப்பியவர்

என் உடம்பைப் பற்றிப் பேசாதவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. "மாசானம் மளிகைக்கடையில பாதி சரக்கு சுகிர்தம் வயித்துலதான் கீது" என்று என் காதுபடவே சொல்வார்கள். நானும் விடமாட்டேன். "உன் வூட்டுப் பானையிலருந்தா துன்னேன்?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வேன். எண்பத்திரண்டு கிலோ. அதற்காக நான் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. அந்த எடைக்குள்ளே என் புருஷன் மாசானத்தின் உயிர் போய் மாட்டிக்கொள்ளும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவருக்குக் கல்லீரல் சுருங்கிவிட்டது. குடியால் இல்லை. இதை நான் அழுத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. விசாரிக்க வருகிற ஒவ்வொருத்தனும் கட்டை விரலை வாய்ப்பக்கம் தூக்கிக் காட்டித்தான் விசாரிக்கிறான். அந்த மனுஷன் ஒரு சொட்டு தொட்டதில்லை. பல வருஷச் சர்க்கரை செய்த வேலை அது. மூன்று மாதம் தாங்குவார், அதற்குள் சொந்தத்தில் யாராவது கல்லீரலில் ஒரு பகுதி கொடுத்தால் பிழைப்பார் என்றார் டாக்டர்.

சொந்தம் எங்கே இருக்கிறது? கோவிலுக்குப் போகிற மாசானம் சர்ச்சுக்குப் போகிற சுகிர்தத்தைக் கட்டிக்கொண்ட நாளிலேயே அது அறுந்துவிட்டது. அவருடைய அண்ணன் சங்கரநாராயணன் மட்டும் எப்போதாவது பேசுவார். அவரிடம் கேட்டோம். "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார். அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. ஆக, மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான்.

ரத்தம் பொருந்தியது. மற்ற எல்லாமும் பொருந்தியது. நான் சந்தோஷத்தில் டாக்டரின் மேஜையையே தட்டிவிட்டேன். அவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "உங்க கல்லீரல்ல கொழுப்பு நிறைய இருக்கும்மா. இப்படியே எடுத்தா உங்களுக்கும் ஆபத்து, அவருக்கும் அது சரியா வேலை செய்யாது. பத்து வாரத்துல எழுபத்தஞ்சு கிலோவுக்கு வாங்க. மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்" என்றார். ஏழு கிலோ. கடையில் ஒரு வீட்டுக்கு மாதத்துக்குப் போடுகிற அரிசிகூட அதைவிட அதிகம். இதென்ன பெரிய விஷயம் என்றுதான் நினைத்தேன்.

டயட்டீஷியன் தமன்னா என்கிற சின்னப் பெண் ஒரு தாள் கொடுத்தாள். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கலோரி, தினமும் நடை. அவருக்கும் ஒரு தாள் கொடுத்தாள். அதில் நேர்மாறாக இருந்தது. அவர் பட்டினி கிடக்கவே கூடாது, சதை கரைந்துவிடும். பசிக்காவிட்டாலும் நேரத்துக்கு நேரம் சாப்பிட வேண்டும், முக்கியமாகப் படுப்பதற்கு முன்னால் ஒரு தரம். ஒரே வீட்டில் ஒருத்தி குறைக்க வேண்டும், ஒருத்தர் கூட்ட வேண்டும். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் பக்கத்து வீட்டு கௌசரை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். காசிமேட்டைத் தாண்டி, திருவொற்றியூர் பக்கம் போகிற கடற்கரைச் சாலையில் நடை. ஒரு பக்கம் கருங்கல், அலை. இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குள் போகக் காத்துக்கொண்டு நிற்கிற கண்டெய்னர் லாரிகள். டிரைவர்கள் லாரிப் படியில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டே எங்களைப் பார்ப்பார்கள்.

"இன்னாக்கா, அதுக்குள்ள மூச்சு வாங்குது? லாரியே நம்மள தாண்டிப் போவுது பாரு" என்பாள் கௌசர்.

"அது நின்னுகினுதான் கீது. நாமதான் பின்னால போறோம். வாயை மூடிகினு நட."

கௌசர்தான் என் போனில் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். நடந்து முடித்ததும் பச்சை எழுத்தில் வரும்: இன்று 412 கலோரி எரித்தீர்கள். அதற்குக் கீழேயே, இன்று இன்னும் 412 கலோரி சாப்பிடலாம் என்றும் வரும். போனுக்குள் யாரோ எனக்காகப் பரிந்து பேசுகிற மாதிரி இருந்தது.

அதை அவரிடம் காட்டினேன். அங்கேதான் ஆரம்பித்தது.

அவர் பதினாலு வயதில் தெற்கேயிருந்து வண்ணாரப்பேட்டைக்கு வந்து, ஒரு மளிகைக்கடையில் வேலைக்கு நின்றவர். அங்கே கற்றுக்கொண்ட ஒரு பழக்கத்தை எங்கள் கடையிலும் விட்டதில்லை. சாயங்காலம் ஷட்டரை இறக்குவதற்கு முன்னால், அன்றைக்குக் குறைந்த டப்பா எல்லாவற்றையும் மூட்டையிலிருந்து எடுத்து நிரப்பிவிட வேண்டும். பருப்பு, பொட்டுக்கடலை, மிளகு, எதுவாக இருந்தாலும் கழுத்துவரை. குறைந்த டப்பாவோடு கடையைப் பூட்டினால் அவருக்குத் தூக்கம் வராது. இத்தனை வருஷம் ராயபுரத்தில் இருந்தும் அந்தப் பழக்கமும் போகவில்லை, ஊர்ப் பேச்சும் போகவில்லை.

போனை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "ஏட்டி, நானூத்திப் பன்னெண்டு காலியாயிருக்குல்லா?" என்றார்.

"ஆமாய்யா."

"அப்ப அதை நெறச்சிரணும்லா. நெறைக்காம விட்டா நாளைக்கு எப்படி நடப்ப?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நானும் அதே கடையில் இருபது வருஷம் டப்பா நிரப்பினவள்தானே.

அன்றிலிருந்து தினமும் ஏழு மணிக்குக் கடைத் தராசு வீட்டுக்குள் வரும். அவருக்கு வயிறு வீங்கியிருக்கும், கால் வீங்கியிருக்கும், கண் மஞ்சள் பூத்திருக்கும். ஆனாலும் தராசு முன்னால் உட்கார்ந்துவிட்டால் பழைய மாசானம்தான். பாக்கெட்டுகளின் முதுகில் பொடி எழுத்தில் போட்டிருப்பதை ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு படிப்பார். நாற்பது கிராம் வேர்க்கடலை, ஒரு துண்டு வெல்லம், இரண்டு பழம். ஒரு கடலை கூடினால் எடுத்துவிடுவார், குறைந்தால் போடுவார். "சரியா நானூத்திப் பன்னெண்டு. தின்னு" என்று தட்டை என் பக்கம் தள்ளுவார்.

நான் தின்னத் தொடங்கினால்தான் அவரும் கஞ்சியைத் தொடுவார். எங்கள் வீட்டில் இரண்டே தட்டு. ஒரு தட்டு மட்டும் தனியாக என்றைக்கும் நிரம்பியதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். மற்ற வேளைகளில் கெஞ்சினாலும் நாலு வாய்க்கு மேல் இறங்காத மனுஷன், அந்த ஏழு மணிக்கு ஒரு கிண்ணம் கஞ்சியும் சுண்டலும் சாப்பிட்டார். சாப்பிட்டபடி கடைக் கதை பேசினார், என்னைக் கிண்டல் பண்ணினார், சிரித்தார். அதற்காகவே நான் அதிகம் நடந்தேன். எண்ணூர் போகிற பஸ்ஸெல்லாம் என்னைத் தாண்டிப் போக, கௌசர் பாதியில் உட்கார்ந்துவிட, நான் மட்டும் நடந்தேன். போன் ஐந்நூறு காட்டியது, ஐந்நூற்று அறுபது காட்டியது. அவர் ஐந்நூற்று அறுபதையும் நிரப்பினார்.

ஆறாவது வாரம் எடை பார்த்தார்கள். எழுபத்தொன்பதரை.

தமன்னா தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தினமும் நடக்கறீங்களா?"

"கால்ல கொப்புளம் வந்து கீதும்மா, காட்டவா?"

"சாப்பாடு ஆயிரத்து இருநூறுதானே?"

"அதுல ஒரு பருக்கை கூட மீறல. எரிச்சத மட்டும் சாயங்காலம் நெறச்சிக்கிறேன்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். தராசு வைத்து எடை போடுவதையும் சொன்னேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன். "போன் சொல்ற கணக்கு உத்தேசம்தாங்க. பல நேரம் கூட்டித்தான் காட்டும். சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பு எரிக்கறதையும் அதுல சேர்த்துடும். அப்படியே சரியா காட்டினாலும் நீங்க அதைத் திரும்பச் சாப்பிடக் கூடாது. அந்தப் பள்ளம் அப்படியே இருந்தாத்தான் உடம்பு கல்லீரல்ல இருக்கற கொழுப்பை எடுத்து எரிக்கும். நீங்க தினமும் பள்ளத்தை மூடிட்டீங்க. இதை நான் முதல் நாளே சொல்லியிருக்கணும்" என்றாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. இன்னும் நாலு வாரம்.

பஸ்ஸில் வரும்போதே அவரிடம் சொல்லக் கூடாது என்று முடிவு பண்ணினேன். சொன்னால் தாங்கமாட்டார். ஏதாவது பொய் சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் நுழைந்தால், தராசு தயாராக இருக்கிறது. கடலையை அளந்து வைத்திருக்கிறார். "வந்துட்டியா? நீ இன்னிக்கு கொஞ்சம் ஜாஸ்தி நடந்திருப்பேன்னு முட்டையும் அவிச்சிருக்கேன்" என்கிறார்.

என் வாய் இருக்கிறதே, அது என்றைக்கும் என் பேச்சைக் கேட்டதில்லை.

"நெறச்சி நெறச்சி ஒன்னோட சாவைத்தான்யா நீ நெறச்சிகினு கீற! ஒன்னாலதான் நான் எறங்கல. நீ அளந்து போட்டதுதான் என் ஈரல்ல போய் ஒக்காந்துகினு கீது!"

சொல்லி முடித்த அந்த நொடியே தெரிந்துவிட்டது. அவர் கடலையை அள்ளித் திரும்பவும் பொட்டலத்தில் போட்டார். ஒன்று கீழே விழுந்தது, குனிய முடியாமல் குனிந்து அதையும் எடுத்துப் போட்டார். பிறகு தராசின் ஒயரைப் பிடுங்கிச் சுற்றினார். "சரிட்டி. எனக்குத் தெரியாம போச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். என் மேலும்தான் தப்பு என்றேன். போன் மேல் தப்பு என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அன்றிலிருந்து ஏழு மணிக்கு நான் வெறும் மோர் தம்ளரோடு அவர் எதிரே உட்கார்ந்தேன். அவர் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருப்பார். "நீ சாப்பிடுய்யா" என்பேன். "சாப்பிடுதேன்" என்பார். நான் அடுப்படிப் பக்கம் போய் வருவதற்குள் கிண்ணம் காலியாக இருக்கும். சாப்பிட்டார் என்றுதான் நினைத்தேன். பத்தாவது நாள் கௌசர் வந்து சொன்னாள்: "அக்கா, உங்க வூட்டுக்காரு தினம் ஜன்னல் வழியா எங்க ஆட்டுக்குக் கஞ்சி ஊத்துறாரு. வேணாம்னு சொன்னா, சொல்லாதேன்னு கும்புடறாரு."

அதற்குள் அவர் கை எலும்பாகிவிட்டது. நான் சண்டை போட்டேன், அழுதேன், ஸ்பூனால் ஊட்டினேன். ஊட்டினால் இரண்டு வாய் வாங்குவார், மூன்றாவதுக்கு வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்ப்பார். எனக்குப் பசி என்று அவருக்குத் தெரியும். பசித்திருக்கிற என் எதிரே அவரால் விழுங்க முடியவில்லை.

ஒன்பதாவது வாரம் பிதற்றினார். கௌசரைப் பார்த்து முதலாளி என்றார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வயிற்றில் சேர்ந்திருந்த தண்ணீரில் கிருமி என்றார்கள்.

நான் பச்சைத் தண்ணீரும் அவர்கள் சொன்ன அளவுச் சாப்பாடுமாக மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். பத்தாவது வாரம், குறித்த தேதியில், என்னை எடை மிஷினில் ஏற்றினார்கள். எழுபத்துநாலு எண்ணூறு. ஸ்கேன் எடுத்தார்கள். கொழுப்பு இறங்கிவிட்டது, நீங்கள் கொடுக்கலாம் என்றார்கள். ஆனால் அவர் வாங்குகிற நிலையில் இல்லை என்றார்கள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, இப்போது கத்தி வைத்தால் மேஜையிலேயே போய்விடுவார். "இன்னும் கொஞ்சம் சதை இருந்திருந்தா தாங்கியிருப்பாரும்மா" என்றார் டாக்டர். அவர் சும்மாதான் சொன்னார். அவருக்கு எங்கள் ஏழு மணி தெரியாது.

அன்று சாயங்காலம் அவருக்குக் கொஞ்ச நேரம் தெளிவு வந்தது. என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு இருக்க?"

"எழுபத்துநாலு எண்ணூறு. பாஸ் பண்ணிட்டேன்யா."

முகம் அப்படி மலர்ந்தது. "அப்ப, நான் போட்டதால ஒண்ணும் கெட்டுப் போவலல்லா?"

"ஒண்ணும் கெட்டுப் போகலய்யா. நான்தான் அன்னிக்குக் கிறுக்குத்தனமா கத்திட்டேன்."

"ஆபரேஷன் எப்ப?"

"நாளைக்குக் காலையில" என்றேன். எங்கிருந்து அந்தப் பொய் வந்தது என்று தெரியவில்லை.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். "ஏட்டி, நாளைக்குன்னா ராத்திரிக்கு மேல ஒனக்கு ஒண்ணும் தர மாட்டாவ. இப்பவே போய் நல்லாத் தின்னுட்டு வா. இனி ஒனக்குக் கணக்கு கெடையாதுல்லா. போ, நான் முழிச்சிருக்கேன்."

போனேன். போகாமல் அங்கேயே நின்றால் அவருக்குத் தெரிந்துவிடும். கீழே கேன்டீனில் நாலு இட்லி வாங்கினேன். ஒரு வாய் வைத்துவிட்டு வந்து பொய் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கை நிற்கவில்லை. சாம்பாரை ஊற்றிப் பிசைந்து நாலையும் தின்றேன். அழுதுகொண்டே, இன்னும் இரண்டு வாங்கி அதையும் தின்றேன்.

மேலே வந்தேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். "தின்னியா?"

"துன்னேன்."

"எத்தன?"

"ஆறு இட்லி."

"நல்லது" என்று சொல்லிக் கண்ணை மூடினார். மறுநாள் காலை ஆறேகாலுக்குப் போய்விட்டார்.

இப்போது தெருவில் பெண்கள் என்னை நிறுத்தி, எப்படி இளைத்தாய் என்று கேட்கிறார்கள். நடையில் எரித்ததைத் திரும்பத் தின்னாதே என்று சரியான பதிலைத்தான் சொல்கிறேன். அந்த ஆறு இட்லியைப் பற்றி மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. என் புருஷன் மாடியில் செத்துக்கொண்டிருந்தார், எனக்கு அந்த இட்லி அவ்வளவு ருசியாக இருந்தது.