பலகை அடித்த ஜன்னல்கள்

கிழக்கு வெளுக்கும்போதே சந்தனமாரி அச்சின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தாள். உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினால்தான் வெள்ளைத் தூள் இறுகிப் பாச்சா உருண்டையாகும். பட்டுச் சேலைப் பெட்டியில் பூச்சி அண்டாமல் வைக்க மதுரைக்கும் கொழும்புக்கும் போகிற சரக்கு அது.

தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய அந்தச் சரக்குக் கிட்டங்கிக்கு ஜன்னல்கள் உண்டு. யுத்த காலத்தில் கடல் பக்கம் வெளிச்சம் தெரியக்கூடாது என்று சர்க்கார் சொன்னதும் முதலாளி ராஜதுரை பலகை அடித்தார். யுத்தம் முடிந்து வருஷம் திரும்பப் போகிறது. பலகை மட்டும் இறங்கவில்லை. காற்றுப் படாவிட்டால் உருண்டை கரையாது, எடை குறையாது என்று அவர் கண்டுகொண்டார். வெளியே ஆனிக் காற்று கூரையைப் பிய்க்கும். உள்ளே, மூடிய பானைக்குள் வேகும் கிழங்காகப் பெண்கள் கிடந்தார்கள். மத்தியானத்துக்குள் கண் எரியும், தலை இடிக்கும், சோற்றைக் கண்டால் குமட்டும். வேலைக்குப் போனால் மூச்சு போகும். போகாவிட்டால் சோறு போகும்.

சனிக்கிழமை தோறும் உடைசல் உருண்டைகளை முதலாளி அள்ளிக் கொடுப்பார். கும்பிட்டு வாங்கி முந்தியில் முடிந்துகொள்வார்கள். கற்பூரம் போல மணக்கிற பொருள் கெடுதல் செய்யுமா? கிட்டங்கி மூலையில் தொங்கிய தன் கைப்பிள்ளையின் தொட்டில் துணியிலும் சந்தனமாரி ஒரு பிடி முடிந்து வைத்திருந்தாள். மூட்டைப்பூச்சி அண்டாதே!

அன்று பால் கொடுக்க எடுத்தபோது பிள்ளை துவண்டு சரிந்தது. பக்கத்து அச்சில் நின்ற முத்துக்கனி எட்டிப் பார்த்தாள்.

"ஏளா, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டா. பிள்ளை கண்ணு மஞ்சளா இருக்குளா!"

சந்தனமாரி இடுப்புத் துணியைப் பிரித்தாள். மூத்திரம் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் நனைத்திருந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நர்சு அந்தோணியம்மாள் பிள்ளையைச் சுற்றியிருந்த தொட்டில் துணியை மோந்து பார்த்து முகம் சுளித்தாள்.

"இதுல என்னம்மா வச்சிருந்த?"

"பூச்சி அண்டாம இருக்க, உருண்டை..."

"பூச்சி எதுல சாகுது? இந்த வாடையிலதான? உன் பிள்ளையும் அதைத்தான் மூச்சா இழுத்திருக்கு. ரத்தமே கெட்டுக் கிடக்கு. வீட்டுல இருக்கிறதையும் தூரப் போடு. துணியை வெளுத்து வெயில்ல காயப் போடு. அந்தப் புழுக்கத்துக்குள்ள பிள்ளையைக் கொண்டு போகாத. நீங்களும் ஜன்னலைத் திறந்து வச்சு வேலை பாருங்க."

"பிழைச்சிருவானாம்மா?"

"டாக்டர் பாக்காரு. இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது."

உப்பளத்துக்குப் போகாமல் புருஷன் ராமர் பிள்ளைக்குக் காவல் இருந்தான். மறுநாள் காலையில் சந்தனமாரி முதலாளியின் மேஜைக்கு முன் நின்றாள். பின்னால் மற்றவர்களும் வந்து நின்றார்கள்.

"அண்ணாச்சி, ஜன்னல் பலகையைக் கழட்டிருங்க."

"கழட்டுனா சரக்கு காத்துல போயிரும்ளா."

"இப்ப மட்டும் எங்கன போகுது? எங்க நெஞ்சுக்குள்ளதான போகுது!"

"பிள்ளைக்கு மேலுக்குச் சுகமில்லேன்னா வீட்டுல கிட. பலகை சர்க்கார் உத்தரவு."

"சண்டை முடிஞ்சது ஊருக்கே தெரியுமே. ஹிட்லர் உங்க கிட்டங்கிக்குள்ளயா ஒளிஞ்சு கிடக்கான்?" என்றாள் முத்துக்கனி.

சிரிப்பு கிளம்பியது, சிரித்தவர்களுக்கே இருமல் வந்தது.

முதலாளி மேஜையைத் தட்டினார். "வெளிய போங்கடி! தருவைகுளத்துல இருந்து நாளைக்கே ஆள் கூட்டிட்டு வாரேன்."

"கூட்டிட்டு வாங்க. அவளுகளுக்கும் மூக்கு இருக்குல்லா?" என்ற சந்தனமாரி, வீட்டிலிருந்து முடிந்து வந்த உருண்டைகளை முந்தியிலிருந்து அவிழ்த்து மேஜைமேல் கொட்டினாள். "உங்க தானத்தை நீங்களே வச்சுக்கிடுங்க."

முத்துக்கனியும், முந்தின ராத்திரி பேசி வைத்தபடி, தன் முந்தியிலிருந்ததைக் கொட்டினாள். அடுத்தடுத்து முந்திகள் அவிழ்ந்தன. வீட்டில் வேறு சம்பாத்தியம் இல்லாத சங்கரம்மாள் மட்டும் முடிச்சைப் பிடித்தபடி முதலாளியையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அவளும் முடிச்சை அவிழ்த்தாள்.

பலகை அடித்த ஜன்னலுக்கு வெளிப்பக்கம், மணலில் நெருங்கி உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் சேதி இல்லை. அடுப்புக்கு வழி என்ன என்றும் தெரியவில்லை. கடல் காற்று முகத்தில் அறைந்தது. சந்தனமாரி மூச்சை ஆழ இழுத்தாள், நெஞ்சு வலித்தது, இன்னொரு முறை இழுத்தாள். முத்துக்கனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வேலைக்கு மணி அடித்தது. கிட்டங்கிக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே போக ஒருத்தியும் எழவில்லை.