தூக்கத்தில் பேசியதன் பாதி

பாராளுமன்றத்தில் கனவான்கள் பேசுவதை உட்கார்ந்து சுருக்கெழுத்தில் எழுதுவது என் ராத்திரி வேலை. மருத்துவம் படிக்கப் போய்ப் பாதியில் விட்டவனுக்கு லண்டனில் கிடைத்தது அதுதான். பேசுகிறவர் இருமினாலும் திக்கினாலும் வார்த்தை வராமல் நின்றாலும் அதை விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். காலையில் பத்திரிகையைப் பிரித்தால் எந்த மந்தனும் தடையில்லாமல் பேசியிருப்பான்.

அந்தக் கைக்காகத்தான் பதிப்பாளர் கிரவுச் என்னைக் கவிஞர் தார்ன்பெக்கின் வீட்டுக்கு அனுப்பினார்.

தார்ன்பெக்கின் மனைவி கெசையா காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். அதற்குப் பிறகு ஒரு நாள் பல்வலிக்காக அவர் லாடனம் குடித்திருக்கிறார். சாராயத்தில் கரைத்த அபின்தான். அழுகிற குழந்தைக்குக்கூட எல்லாரும் கொடுப்பது. அன்றைய தூக்கத்தில் கெசையா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நீண்ட கவிதையைச் சொன்னாளாம். விழித்ததும் நினைவில் நின்றதை எழுதினார். பாதியில் அறுந்துபோன அந்தக் கவிதையை ஊரே வாங்கிப் படித்தது. மீதி வரவில்லை.

“புட்டி புட்டியா குடிக்கிறாரு, முழிச்சா ஒண்ணும் ஞாபகமில்லேங்கிறாரு,” என்றார் கிரவுச். “ஆனா தூக்கத்துல பேசறாராம். மந்திரிங்க உளர்றதையே எழுதறே மல், இவர் உளர்றதை எழுத மாட்டியா?”

“மந்திரிங்க என்ன உளறுவாங்கன்னு முன்னாடியே தெரியும் சார்.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் தார்ன்பெக் குடித்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் படுத்தார். பேசினார். எழுதினேன். விழித்ததும் தெளிவான பிரதி ஒன்றைக் கையில் கொடுத்தேன்.

‘சன்னலைச் சாத்தாதே விலாங்கு வாங்க மறந்துட்டேன் நாளைக்கு வாங்கறேன் இல்லை ஒழுங்காத்தான் சாப்பிடறேன் உன் கோட்டு அப்படியே இருக்கு யாருக்கும் கொடுக்கலை.’

“என்னப்பா இது, கவிதையா?”

“இல்லை சார். மீன் சமாசாரம்.”

சிரித்தார். மறுபடி படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

“விலாங்குன்னா கெசையாவுக்கு உசிரு. இதை நான் ஒரே மூச்சிலயா சொன்னேன்?”

“நடுவுல நடுவுல நிறுத்தினீங்க.”

“எங்கெங்கே? எவ்வளவு நேரம்?”

“அதெல்லாம் நாங்க எழுதறதில்லை சார்.”

“அட பாவி. அங்கதானேப்பா அவ பேசினா.”

அதன்பின் அவர் கவிதையைப் பற்றிப் பேசவேயில்லை. கிரவுச் ஆள் அனுப்பினால் வேலைக்காரி கதவைத் திறக்காமலே திருப்பி அனுப்பினாள். தார்ன்பெக்குக்கு வேண்டியது கெசையாவின் பதில்கள். தன் பேச்சும் இடையிலுள்ள மௌனத்தின் நீளமும் கிடைத்தால் போதும், அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று கண்டுபிடித்துவிடலாம் என நம்பினார். அவர் பேச்சை நிறுத்துகிற இடங்களில், நான் மூச்சு விடும்போதெல்லாம் ஒரு புள்ளி வைக்க வேண்டும் என்று ஏற்பாடு.

அடுத்த ஞாயிறு வழக்கத்தைவிட அதிகமாக ஊற்றினார்.

“அளவு கூடுது சார்.”

“நீதான் படிப்பை விட்டவனாச்சே.”

“இந்தப் பாடம் முடிஞ்சப்புறம்தான் விட்டேன்.”

குடித்துவிட்டார். வெகுநேரம் பேச்சே இல்லை. உதடு வெளுத்திருந்தது. நாடியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு மழையைப் பற்றி ஏதோ சொன்னார். சில புள்ளிகள். யாரோ ஒரு அத்தையைக் கேலி செய்தார். சில புள்ளிகள்.

“அப்ப நான் வந்துடவா?” என்றார்.

புள்ளிகள் ஒரு வரியைத் தாண்டி அடுத்த வரியிலும் ஓடின.

“சரி,” என்றார்.

அவ்வளவுதான். எழுப்பி உட்காரவைத்துக் கடுங்காப்பி கொடுத்தேன். தாளை வாங்கினார். புள்ளி வரிசையின் மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்தி, கடைசிச் சொல்லுக்கு வந்து நின்றார்.

“எதுக்குச் சரின்னேன்? வான்னாளா, வராதேன்னாளா?”

புட்டியில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. இரண்டு பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு ஆறுதல் சொல்லவெல்லாம் தெரியாது. காதில் விழுந்ததைச் சொன்னேன்.

“வராதேன்னுதான் சொல்லியிருக்காங்க.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“வான்னு கூப்பிட்டா அப்படியா சரின்னு சொல்லுவீங்க? வேற வழியில்லாம ஒத்துக்கிற மாதிரி சொன்னீங்க.”

“சொல்லிக் காட்டு.”

“சரி,” என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். “இன்னொரு தடவை.”

சொன்னேன். நான்காவதோ ஐந்தாவதோ தடவை அவர் உதடும் கூடவே அசைந்தது.

“எதைக் கேட்டாலும் மொதல்ல வேண்டாம்னுதான் சொல்லுவா,” என்றார். “கல்யாணத்துக்கே ரெண்டு வருஷம் வேண்டாம்னா.”

பிறகு புட்டியை மூடி என்னிடம் நீட்டினார். “இதை எடுத்துட்டுப் போயிடு. இங்க இருக்க வேண்டாம்.”

வாங்கிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

“மல்,” என்று கூப்பிட்டார். “ஞாயித்துக்கிழமை கொண்டாந்துடுவே, இல்லை?”